காந்தத்துக்கு வளையாத டிவி

சோல் நகரத்தை ஒட்டிய குவாச்சனில், தென்கொரியாவின் தேசிய நவீன கலை அருங்காட்சியகத்துக்குள் 1,003 டிவிகளை வட்ட வட்டமாக அடுக்கிய ஒரு கோபுரம் நிற்கிறது. உயரம் 18.5 மீட்டர். கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜுன் பைக் (Nam June Paik) 1988இல், சோல் ஒலிம்பிக்ஸ் நடந்த வருடம் செய்தது. அக்டோபர் 3 (10/03) கொரியர்களுக்கு தேசம் பிறந்த நாள், அதனால்தான் 1,003. பழைய பிக்சர் ட்யூப்கள் ஆபத்தாகிவிட்டன என்று 2018இல் மொத்தமாக அணைத்துவிட்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது சண்டை. பிரித்துவிடலாம் என்று ஒரு பக்கம், எல்லாவற்றையும் எல்சிடியாக மாற்று என்று ஒரு பக்கம், ஒரு ட்யூபைக்கூட மாற்றாதே என்று இன்னொரு பக்கம். கடைசியில் 737 ட்யூப் டிவிகளைப் பழுது பார்த்தோ பழைய ட்யூப் தேடிப் பிடித்துப் போட்டோ காப்பாற்றி, மேலே இருந்த சின்ன டிவிகள் 266க்கு மட்டும் எல்சிடி வைத்து, 2022இல் மறுபடி ஓடவிட்டார்கள்.

"அசல் போச்சே" என்று இதற்கும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் பைக்கே பெட்டியை அப்படிப் பூஜித்த ஆள் கிடையாது.

ஜவுளித் தொழிலில் வசதியான குடும்பம். 1932இல் சோலில் பிறந்தவர், 1950இல் வெடித்த கொரியப் போரில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய், டோக்கியோவில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைப் பற்றி ஆய்வேடு எழுதி, இசை படிக்க ஜெர்மனிக்குப் போனார். அங்கே ஜான் கேஜ் என்ற அமெரிக்கப் புதுமை இசையமைப்பாளரைச் சந்தித்த பிறகு வேறு மனிதராகிவிட்டார். 1960இல் கொலோனில் ஒரு நிகழ்ச்சி. பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கீழே குதித்து, முன்னால் உட்கார்ந்திருந்த கேஜின் டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, தலையில் ஷாம்பூவை ஊற்றிவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து போன் வருகிறது: நிகழ்ச்சி முடிந்துவிட்டதாம்!

நான் மிகவும் மதிப்பது 1963இல் வுப்பர்டால் நகரில் ஒரு வீட்டையே கேலரியாக்கியிருந்த இடத்தில் நடந்த அவருடைய முதல் தனிக் கண்காட்சியை. வாசலில் வெட்டிய மாட்டுத் தலை தொங்குகிறது (அதிகாரிகள் வந்து எடுக்கச் சொன்னார்கள்). உள்ளே பியானோக்கள், அதில் ஒன்றை யோசஃப் பாய்ஸ் என்ற ஜெர்மன் கலைஞர் கோடாரியால் உடைத்தார். இந்தக் கூத்துக்கு நடுவே ஓர் அறையில் உள்குடைந்து மாற்றிய பழைய டிவிகள். ஒன்றில் கோளாறு, படம் முழுக்கச் சுருங்கி ஒரே ஒரு கோடாகிவிட்டது. பழுது பார்க்கவில்லை, அந்த டிவியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார், கோடு செங்குத்தாக நின்றது, அதுவே ஒரு படைப்பாகிவிட்டது. இன்னொன்றைக் குப்புறப் போட்டார், அதுவும் படைப்பு. கெட்டுப்போன சாமானை இப்படி எடுத்துக்கொள்ளத் தெரிந்தவருடைய கோபுரத்தில் எல்சிடி வைத்தால் துரோகம் என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று, அவர் எதையும் தனியாகச் செய்யவில்லை. வீடியோ படத்தின் நிறத்தையும் உருவத்தையும் மாற்றும் வீடியோ சிந்தசைசரும் கே-456 என்ற நடக்கும் ரோபோவும் ஷூயா அபே என்ற ஜப்பானியப் பொறியாளர் இல்லாமல் இல்லை. குவாச்சன் கோபுரத்துக்கு லீ ஜுங்-சுங் என்ற டெக்னீஷியன். இன்று அங்கே ஸ்க்ரூ டிரைவரோடு ஏறுகிறவர்களும் அந்த வரிசையில் வருகிறவர்கள்தான். செல்லோ கலைஞர் சார்லட் மூர்மனையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1967இல் நியூயார்க்கில் பைக்கின் படைப்பை மேலாடையின்றி செல்லோ வாசித்ததற்காகக் கைதாகி, தண்டனைத் தீர்ப்பு வாங்கியவர் அவர்தான், பைக்குக்குத் தண்டனை இல்லை. வீடியோ கலையின் தந்தை என்று பைக்குக்கு மாலை போடும் கட்டுரைகளில் இவர் பெயர் ஏன் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு.

சரி, எல்லாவற்றையும் எல்சிடியாக்கிவிடலாமா? முடியாது. 1965இல் அவர் செய்த காந்த டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கருப்பு வெள்ளை டிவி, அதன் தலையில் பெரிய லாடக் காந்தம், அவ்வளவுதான். ட்யூபுக்குள் எலக்ட்ரான் கற்றை திரையில் போய் மோதித்தான் படம் வருகிறது, காந்தம் அந்தக் கற்றையை இழுக்கிறது, படம் முறுக்கிக்கொண்டு பூ மாதிரி விரிகிறது, காந்தத்தை நகர்த்தினால் அதுவும் நகர்கிறது. ஸ்பீக்கர் காந்தத்தை வீட்டு டிவியில் ஒட்டி, ஓரத்தில் பச்சையும் ஊதாவும் படியவைத்து அடி வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்சிடியில் எவ்வளவு பெரிய காந்தத்தை வைத்தாலும் ஒன்றும் வளையாது, வளைக்க உள்ளே கற்றையே இல்லை. முன்பே வளைத்து வைத்த வீடியோவை ஓட்டலாம், ஆனால் அது அந்தப் படைப்பைப் பற்றிய சினிமா, படைப்பு இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி போடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கோபுரத்தில் டிவிகள் செங்கல், செங்கலை மாற்றலாம். 1974இல் செய்த டிவி புத்தரில், சிலை எதிரே இருக்கும் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அங்கேயும் பெட்டி மாறினால் உயிர் போகாது, பெட்டியின் அழகு மட்டும் கொஞ்சம் குறையும். காந்த டிவியில் ட்யூப்தான் வாத்தியம்.

ட்யூப் தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டன, இருக்கிற பழைய ஸ்டாக்கைத்தான் அருங்காட்சியகங்கள் தேடி அலைகின்றன. ஆளாளுக்குக் கிடைத்ததை வாங்கிப் பதுக்காமல் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கிடங்கு வைக்கட்டும். என்னைக் கேட்டால் நல்ல ட்யூப் முதலில் காந்த டிவி மாதிரியான படைப்புகளுக்குப் போகட்டும், மிஞ்சினால் கோபுரத்துக்கு. கோபுரத்தில் மீதி 737ம் எல்சிடி ஆனாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.