வெறும் மடியும் ஒரு கணக்குதான்

கடலடி மீன்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுக் கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "மீனே இல்லாத இடத்தில் போய் ஏன் மடி (இழுவை வலை) போடுகிறார்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சரியான கேள்விதான். பிழைப்புக்காக மீன் பிடிக்கிறவர் அப்படிச் செய்தால் பைத்தியம் என்போம். எண்ணப் போகிறவர் செய்யாவிட்டால்தான் வினை.

மீன் இருக்கும் இடத்துக் கணக்கையே நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட்டியது. 1980களில் அங்கே காட் மீன் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் குறையே தெரியவில்லை. மிச்சமிருந்த மீன் எங்கே திரண்டு நிற்கிறதோ அங்கே தேடிப்போய் அள்ளினார்கள், மடி நிறைந்தது. ஆய்வு இழுவைகள் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை என்றே காட்டின. கரையோரச் சிறுபடகுக்காரர்களும் மீன்பாடு (வலையில் கிடைக்கும் மீன்) குறைகிறது என்று கத்தினார்கள். ஆனாலும் கப்பல்களின் மீன்பாட்டுக் கணக்குக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்தார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்தத் தடை முழுமையாக நீங்கியது 2024இல்தான்.

அதனால்தான் அலாஸ்காவை ஒட்டிய கிழக்கு பேரிங் கடலில் செய்யும் முறை எனக்குப் பிடிக்கும். கடலை 20 கடல் மைல் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, கோடைதோறும் அதே இடங்களில் அரைமணி நேரம், 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் இழுக்கிறார்கள். வலைகூட 1982இலிருந்து ஒரே வகை. அதைவிட நன்றாகப் பிடிக்கும் வலைகள் எத்தனையோ வந்துவிட்டன. மாற்றினால் கூடியது மீனா, வலையின் திறமையா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. (பாறை நிறைந்த தரையிலும், வலைக்கு மேலே நீந்தும் மீனிடமும் இந்த முறை பலிக்காது. பொல்லாக் மீனுக்கு ஒலியலைக் கணக்கெடுப்பும் சேர்ந்தே நடக்கிறது.)

வலையோடு வெப்பமானியும் இறங்குகிறது. குளிர்காலப் பனிக்கட்டி விட்டுச்செல்லும், 2 டிகிரிக்கும் குறைவான குளிர்நீர் அங்கே கடலடியில் தேங்கி நிற்கும். காட், பொல்லாக் இரண்டுக்கும் அது ஒரு வேலி மாதிரி. 2018இல் அந்த வேலி ஏறக்குறைய காணாமல் போனது, மீன்கள் வடக்கே ஏறின. பனி நண்டுகளுக்கோ வெப்பத்தில் பசி கூடியது, தீனி போதவில்லை. சுமார் 1,000 கோடி நண்டுகள் அழிந்தன என்றும், பட்டினிதான் பெரும்பாலும் காரணம் என்றும் 2023இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2022 அக்டோபரில் அந்தப் பருவத்தின் நண்டுப் பிடிப்பையே ரத்து செய்தார்கள்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. செலவைக் காட்டி "ஒரு வருடம் விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் 2020ஐப் பார்க்கட்டும். கொரோனாவால் அந்தக் கோடையில் கப்பல் போகவில்லை. 2019இல் நண்டு குறைந்திருந்தது தெரியும், 2021இல் மடியில் நண்டு மிகக் குறைவாக வந்ததும் தெரியும். நடுவே அந்தக் கோடையில் கடலடியில் என்ன இருந்தது என்பதற்கு வரைபடத்தில் புள்ளியே கிடையாது.