ஏசி போட்டால் செடி அறைக்குக் காற்றோட்டம் வேண்டாமா?

மதுரைப் பக்கம் மாடி அறைகளில் விளக்கு வைத்து மைக்ரோகிரீன் (முளைத்துச் சில நாட்களிலேயே வெட்டும் இளநாற்று), கீரை வளர்ப்பவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வெயில் ஊர். அறையை இறுக்கி மூடி ஏசி போடுங்கள். ஏசியே புதுக் காற்று தரும், எக்ஸாஸ்ட் ஃபேன் வீண் செலவு." இது தவறு.

வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. மூடிய அறையில் விளக்கு எரியும்போது, நெருக்கமாக வைத்த செடிகள் அதை உறிஞ்சிக் குறைத்துவிடும். 200-க்குக் கீழே போனால் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் வளர்ச்சி மந்தமாகும். ஏசி ஈரத்தை ஓரளவு எடுக்கும், உண்மைதான். ஆனால் கம்ப்ரசர் நின்றதும் இலைகள் விடும் ஈரம் அறையிலேயே தங்கும். நாற்று அழுகலுக்கு அது போதும்.

சரி, எவ்வளவு பெரிய ஃபேன்? 10 அடிக்கு 10 அடி, 9 அடி உயர அறை என்றால் 900 கன அடி. 3 நிமிடத்தில் காற்று முழுதும் மாற, நிமிடத்துக்கு 300 கன அடி தள்ளும் ஃபேன் வேண்டும். அதை மேலே மாட்டுங்கள். எதிர்ச் சுவரில் கீழே வலை போட்ட திறப்பு, ஃபேன் வாயைவிடப் பெரிதாக. திறப்பு இல்லாமல் ஃபேன் மட்டும் மாட்டினால் காற்று நகராது.

சித்திரையில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது ஃபேனால் அறையை அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. அந்த மாதங்களில் விளக்கு நேரத்தை இரவுக்கு மாற்றி, அப்போது ஃபேனை ஓட விடுங்கள்.