பாட்டு முடியும்வரை பூமாலை காத்திருக்காதா?

காலையில் பசியாறிக்கொண்டே போனைத் திறந்தால், வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. போன வாரக் கடைசியில் நம்ம ஊர்த் திடலில் நடந்த நாட்டுப்புற இசை விழாவின் மறக்க முடியாத தருணங்களாம். ஏற்பாட்டுக் குழுவே தொகுத்து அனுப்பியிருக்கிறது.

முழுவதும் பார்த்தேன். மாலை. பொன்னாடை. குத்துவிளக்கு. மறுபடியும் மாலை. முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்திருக்கிற முகங்கள், ஒவ்வொன்றாக, நிதானமாக. உறுமிக்காரப் பையன்கள் ஓரமாக ஒரு நொடி வந்து போகிறார்கள். கும்மியடித்த அக்காமார்கள் அதுவும் இல்லை. பின்னணியில் ஓடுவது சினிமாப் பாட்டு! இரண்டு நாள் விழாவில் ஒலித்த ஒரு தாளம், ஒரு குரல்கூட அந்தக் காணொளியில் இல்லை. இசை விழாவின் நினைவுக்கு வேறு எங்கிருந்தோ இசையைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். இதைச் செய்தவருக்குக் கை கூசவில்லையா?

சயாம் பாட்டுப் பாடிய பாட்டியைத் தேடினேன். இல்லை. எப்படி இருப்பார்? அவர் பாட்டைத்தான் பாதியில் பிடுங்கி எறிந்தார்களே.

அன்றைக்குத் திடலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்வேன். சொல்லாவிட்டால் எனக்கு வயிறு எரிவது நிற்காது.

சனிக்கிழமை இரவு. பாட்டியைப் பேத்திகள் இரண்டு பக்கமும் பிடித்து மேடையேற்றினார்கள். எண்பதைத் தாண்டிய உடம்பு. நிற்க முடியாது என்றதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மைக் நின்றவர் உயரத்துக்கே இருந்தது. இறக்கிவிட ஒருவரும் வரவில்லை. பேத்திதான் போராடி இறக்கினாள். பாட்டி முந்தானையை இழுத்து மடியில் வைத்தார், வலது கையால் முட்டியை மெல்லத் தட்டினார், ஆரம்பித்தார்.

ஒப்பாரி மெட்டு. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவை ஜப்பான்காரன் ரயில் பாதை போட சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போனான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த ரயில் பாதை அது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் காட்டுக்குள்ளேயே மாண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், காத்திருந்த பெண்கள் அழுதழுது கட்டிய பாட்டுகள்தான் மிச்சம். அப்படி ஒன்றைத் தன் அம்மா பாடக் கேட்டு வளர்ந்தவர் இந்தப் பாட்டி. இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அவர் தொண்டையில் மட்டும் இருக்கிறது.

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் திடல் அடங்கிவிட்டது. பலூன் கேட்டு அழுத பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டது. ஒருத்தி அரிசிக் கஞ்சியில்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளையை வளர்த்ததைப் பாடினார். புருசனோடு போன பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் மட்டும் திரும்பி வருகிறார். அவள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்து முனையில் ஓடிப்போய் நிற்கிறாள். என் ஆள் எங்கே என்று கேட்கிறாள். அந்த மனிதர் என்ன சொன்னார்?

தெரியாது. எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இடத்தில்தான் கார் நிறுத்துமிடத்துப் பக்கமிருந்து உறுமி மேளம் வெடித்தது. சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டம் வாங்கியவர், வந்துவிட்டார்! வரவேற்க வாசலில் ஒரு மேளக் குழுவையே நிறுத்தி வைத்திருந்தார்கள். பையன்கள் மேல் தப்பில்லை. அடி என்றார்கள், அடித்தார்கள். அறிவிப்பாளர் குடுகுடுவென்று ஓடி வந்தார். “பாட்டி, போதும் பாட்டி, டத்தோ வந்துட்டாரு, எல்லாரும் ஒரு பலத்த கைத்தட்டல்” என்று சொல்லிக்கொண்டே மைக்கை எடுத்தார். பாட்டிக்குக் காது மந்தம். மைக் போனது தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தார். உதடு அசைகிறது, கை முட்டியைத் தட்டுகிறது, பக்கத்தில் ஒரு மனிதர் மைக்கில் யாரோ ஒருவருடைய பட்டங்களை வரிசையாகப் படிக்கிறார். பேத்திதான் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். பாட்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அறிவிப்பாளர் பார்த்திருக்க வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடம்! இன்னும் இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தவர் காரிலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோகும்? இறங்கி வந்து, ஓரமாக நின்று கேட்டிருந்தால் ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்காதா?

அப்புறம் மாலை. அப்புறம் படம். படத்தில் யாரோ கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடியும் படம். அப்புறம் முக்கால் மணி நேரம் பேச்சு. நம் கலைகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். அவர் நின்று பேசியது பாட்டி உட்கார்ந்திருந்த இடம். நாற்காலியை அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

இந்த முக்கால் மணி நேரமும் மேடைக்குப் பின்னால் பறைக் குழு காத்துக்கிடந்தது. பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். சூட்டில் தோல் இறுகினால்தான் அடிக்குச்சிக்கும் சுண்டுகுச்சிக்கும் கணீரென்று பதில் சொல்லும். சாயங்காலம் மழை பெய்த ஈரக்காற்று வேறு. காய்ச்சுவார்கள், மேடையில் இன்னொருவர் பேச எழுந்திருப்பார், தோல் தொய்ந்துவிடும், மறுபடியும் காய்ச்சுவார்கள். கடைசியில் வந்து சொன்னார்கள்: “தம்பி, பதினொரு மணி வரைக்கும்தான் பெர்மிட், ஒரு அஞ்சு நிமிசத்துல முடிச்சிருங்க.” பீடோரிலிருந்து வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். பேச்சுக்குப் பெர்மிட் இருக்கிறது, பறைக்கு இல்லையா?

இதே மலேசியாவில்தான், சரவாக்கின் கூச்சிங் பக்கம், சந்துபோங் மலையடிவாரத்தில், 1998-இலிருந்து மழைக்காட்டு உலக இசை விழா நடக்கிறது. நான் போயிருக்கிறேன். இரவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்தவருக்கு மைக், ஒலி எல்லாம் சரிபார்த்துவிடுவார்கள். பகலில் நீள வீட்டுக்குள் சாப்பே என்கிற நரம்பிசைக் கருவியை வாசிக்கிற, ஓராங் உலு பழங்குடிப் பெரியவரும் எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக் கலைஞரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள், நாம் காலடியில் உட்கார்ந்து கேட்கலாம். இதைக் குழுவில் எழுதினேன்; அவர்களிடம் காசு இருக்கிறது என்று ஒருவர் எனக்குப் பதில் போட்டிருக்கிறார். ஒரு கிழவியை அவர் பாட்டை முடிக்க விடுவதற்கு எவ்வளவு காசு வேண்டும் ஐயா?

மறக்க முடியாத தருணம் வேண்டுமா? நான் தருகிறேன். ஞாயிறு காலை, வேப்பமரத்தடியில், வயதான உறுமிக்காரர் ஒருவர் சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டும், மறுபக்கம் நேர்குச்சியால் அடிக்க வேண்டும். ஒரு சின்னப்பெண் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், சத்தமே வரவில்லை. பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, “இழுக்காதே கண்ணு, அமுக்கு” என்றார். அமுக்கினாள். ம்ம்ம் என்று அது உறுமியதும் பயந்துபோய்க் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த நொடியே எடுத்துக்கொண்டாள். அங்கே ஒரு கேமராகூட இல்லை. கேமராக்காரர்கள் எல்லாரும் விருந்தினரின் பசியாறல் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

அடுத்த வருடமும் விழா உண்டாம், நன்கொடை கேட்டு இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். தருகிறேன். முதல் நிகழ்ச்சி அந்தப் பாட்டியின் பாட்டு, முடியும்வரை ஒருவரும் மேடைப்பக்கம் வரக்கூடாது என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துக் காட்டுங்கள், தருகிறேன். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். போனிலாவது அந்தப் பாட்டை முழுசாகப் பதிவு செய்ய இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போகிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தோட்டத்துப் பக்கம் போக ஏன் பஸ் இல்லை? ஞாயிறு இரவு கும்மியாடிய அக்காமார்கள் அத்தனை பேரும் பட்டுச் சேலையோடு செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் ஏறிப் போனார்கள், மறுநாள் விடியுமுன் வேலைக்கு நிற்க வேண்டியவர்கள். சாலையில் ஒரு விளக்கும் எரியவில்லை. பஸ் கேட்டு, விளக்கு கேட்டு, மனு மேல் மனு கொடுத்தாயிற்று. வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு முன்வரிசைச் சோபாவில்தான் இருந்தார்கள்!