மின்னொளி கபடிக்கு எந்த லென்ஸ்?

பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களின்போதும் நம் ஊர்களில் மின்னொளி கபடிப் போட்டிகள் விடிய விடிய நடக்கின்றன. அங்கே கேமராவும் கையுமாக நிற்கும் இளைஞர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, கையில் இருக்கிற காசுக்கு இரவு மேட்ச் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம்?" கடைகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் காட்டப்படுவது 55-250, 70-300 போன்ற நீளமான ஜூம் லென்ஸ்கள். அந்தப் பணத்தை அவற்றில் போட வேண்டாம், எஃப் 1.8 திறப்புள்ள (எஃப் எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்) பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், ஒன்றை வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு லென்ஸ்தான் முடியுமென்றால் 85 மி.மீ., அதற்கும் வழியில்லை என்றால் 50 மி.மீ.

இதற்குக் காரணம் எளிய கணக்குதான். பாடி வருபவரின் கையும் காலும் மங்கலாகாமல் நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்காவது வேண்டும். கம்பங்களில் கட்டிய ஃபோகஸ் லைட்டுகளின் வெளிச்சத்தில், எஃப் 1.8 திறப்பில், இந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 55-250 லென்ஸை 250 வரை நீட்டினால் திறப்பு எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைவதால் ஐஎஸ்ஓ 32,000 வேண்டும். நம் பையன்களிடம் பரவலாக இருக்கும் கேனான் 1500டி-யின் இயல்பான எல்லையோ 6400-தான். நீட்டாமல் 85-ஐ ஒட்டிய நீளத்திலேயே நிறுத்தினாலும் அந்த ஜூமின் திறப்பு 4-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்கும். அப்போதும் ஐந்து மடங்குக்குக் குறையாத வெளிச்சத்தை இழக்கிறோம். எஃப் 2.8 திறப்புள்ள 70-200 இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும் என்பது உண்மைதான், ஆனால் கேமரா நிறுவனங்களின் சொந்தத் தயாரிப்பைப் புதிதாக வாங்கப் போனால் விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஓடுகிற ஆட்டக்காரரை அது நிறுத்தி வைக்காது.

அடுத்து வரும் கேள்வி, 85 எட்டுமா என்பது. ஆண்கள் கபடிக் களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். இறுதிக் கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்தால் நடுக்கோடு 9 மீட்டர் தூரத்தில் இருக்கும். 1500டி போன்ற, சிறிய சென்சார் உள்ள கிராப் கேமராவில் அந்தத் தூரத்தில் 85 லென்ஸ் சுமார் 2.4 மீட்டர் அகலத்தையும், 50 லென்ஸ் 4 மீட்டர் அகலத்தையும் பிடிக்கும். ஆகவே பாடி வருபவரின் முகமும் அவரை மடக்க வரும் ஓரிருவரும் போதுமென்றால் 85 சரி. ஏழு பேரும் சேர்ந்து அமுக்குவதை எடுக்க 50 வசதியானது. இன்னும் நீளமான லென்ஸுக்குக் கபடியில் வேலையே இல்லை.

லென்ஸைவிட உட்காரும் இடம் முக்கியம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதும் இதனால்தான். பிடிப்பவர்களின் பின்னால் அமர்ந்தால் பாடி வருபவரின் முகம் நமக்கு நேராக இருக்கும், ஆனால் அவர் சிக்கிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பிய நொடியிலேயே முகம் மறைந்து முதுகுதான் தெரியும். எதிர்ப்பக்கம், அவருடைய அணியின் இறுதிக் கோட்டுக்குப் பின்னால், தரையோடு தரையாக அமர்ந்தவருக்கோ கணுக்காலை இறுக்கிய கைகளும், மண்ணில் இழுபடும் மார்பும், கோட்டைத் தொட நீளும் விரல்களும், பல்லைக் கடித்த முகமும் ஒரே சட்டத்துக்குள் வந்து சேரும். இரண்டு இடங்களிலிருந்தும் நடுக்கோடு ஒரே தூரம்தான் என்பதால், பாதி ஆட்டத்தை இங்கேயும் மீதியை அங்கேயும் அமர்ந்து எடுத்தால் ஒரே லென்ஸ் போதும்.

85 என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கிவிடக் கூடாது; விளையாட்டுக்கு ஃபோகஸ் மோட்டாரின் வேகம்தான் உயிர். கேனான் இஎஃப் 85 எஃப் 1.8 யுஎஸ்எம் 1992-இல் வந்த பழைய லென்ஸ் என்றாலும் அதன் ஃபோகஸ் இன்றைக்கும் விசுக்கென்று பாய்கிறது; அடாப்டர் போட்டால் புதிய ஆர் வகை கேமராக்களிலும் நன்றாகவே வேலை செய்கிறது. அதே கேனானின் ஆர்எஃப் 85 எஃப் 2, மேக்ரோ வசதியும் கொண்டது. உருவப்படங்களுக்கு அருமையானது, ஆனால் ஃபோகஸ் நிதானமாக நகர்வதால் கபடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு 2012-இல் வெளியான ஏஎஃப்-எஸ் 85 எஃப் 1.8ஜி பொருந்தும். விலை குறைவு என்று, தனக்குள் மோட்டார் இல்லாத பழைய 'டி' வகை லென்ஸை வாங்கி 3000, 5000 வரிசைக் கேமராக்களில் மாட்டினால், அந்தக் கேமராக்களுக்குள்ளும் மோட்டார் இல்லாததால் ஆட்டோ ஃபோகஸே கிடைக்காது. கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் சற்று மெதுவானதுதான், ஆனால் நடுக்கோட்டின் மீது முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் தாராளமாகச் சமாளிக்கலாம்.

பெரிய திறப்புக்கு ஒரு விலையும் உண்டு. கிராப் கேமராவில் 85 லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 6 மீட்டரில் இருப்பவரை எடுத்தால், துல்லியமாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ ஓர் அடிதான். ஃபோகஸின் நடுப்புள்ளியை மட்டும் வைத்து, பாடுபவரின் நெஞ்சைத் தொடர்ந்தபடி, ஆள் நகர நகரத் தானே மாறிக்கொண்டு வரும் தொடர் ஃபோகஸில் எடுப்பது நல்லது. மேற்சொன்ன கேனான் இஎஃப் 85 லென்ஸ் முழுத் திறப்பில் வெள்ளைப் பனியன் ஓரங்களில் ஊதா நிறம் காட்டும். வெளிச்சம் அனுமதித்தால் திறப்பை எஃப் 2.2-க்குச் சுருக்கினால் அது பெருமளவு குறையும். எல்இடி விளக்குகள் சிமிட்டுவதால் அடுத்தடுத்த படங்களின் நிறம் மாறினால் அதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். முப்பது நொடிக்குள் பாடித் திரும்ப வேண்டியவரின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது அவருடைய ஆட்டத்தில் குறுக்கிடுவதாகும்.

கால்பந்தின் கதை வேறு. கோல் கம்பத்தின் அருகில் அமர்ந்து பெனால்டி பகுதிக்குள் நடப்பதை எடுக்க 85 போதும். மைதானம் முழுவதையும் எட்ட விரும்புகிறவர்கள் டாம்ரான் அல்லது சிக்மாவின் பழைய 70-200 எஃப் 2.8 ஒன்றுக்காகச் சேமிப்பதே சரி.

இந்த லென்ஸ்களைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கமே கிடையாது, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தால், கண்ணாடிகளுக்கிடையே பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது அடிக்கடி வரும் நோய். திறப்பின் இதழ்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு உங்கள் கேமராவிலேயே மாட்டி, அருகிலும் தொலைவிலும் மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்து, மோட்டார் திணறுகிறதா என்று கேளுங்கள். சுவரில் ஒட்டிய செய்தித்தாளை முழுத் திறப்பில் எடுத்து எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சோதிக்க விடாமல் விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். இத்தனை ஆண்டுகள் விற்பனையில் இருந்த லென்ஸ்கள் இவை. வேறொன்று கிடைக்காமல் போகாது.