உசுப்பேற்றிவிட்டவர்கள் மேல் வழக்கு எங்கே?

குடியாத்தம் சாலையில் ஒருவன் தள்ளிவிட்டு ஒரு பையன் இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும். மறுபடி விவரிக்க மனமில்லை. தள்ளியவன் சிறையில் இருக்கிறான். "விடாதே, போடு" என்று சுற்றி நின்று கத்தியவர்கள் நேற்றுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். இறந்த பையனின் படத்துக்குக் கீழே, கூப்பிய கைகளோடு வரிசையாக இவர்கள் முகங்கள். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தள்ளியவன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தள்ளியதில் கால்வாய்த் திட்டில் பின்மண்டை அடிபட்டு ஓர் உயிர் போயிருக்கிறது. கொல்லும் நோக்கம் இருந்ததா, கொலைக்கான 103ஆவது பிரிவா, கொலையாகாத மரணத்துக்கான 105ஆவது பிரிவா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஏற்றிவிட்டவர்கள் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏன் இல்லை? அதை மட்டும் சொல்லுங்கள்.

"வாயால் சொன்னதற்கெல்லாம் வழக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம் ஐயா, வழக்குதான். குற்றம் செய்யத் தூண்டுவதே உடந்தை என்கிறது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆவது பிரிவு. அடிக்கத்தான் சொன்னேன், சாவான் என்று நினைக்கவில்லை என்று எளிதில் நழுவவும் முடியாது. சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே தூண்டியிருந்தால் அதற்கும் பொறுப்பு என்கிறது 53. சண்டை மூட்டும் நோக்கத்தோடு அவமானப்படுத்தினாலே 352இல் 2 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே (1860) 107, 113, 504 என்று இருந்தவைதான் இவை. சட்டம் இருக்கிறது, எழுதத்தான் கை வரவில்லை.

எங்கள் ஊர் எருது விடும் விழாவில் ஒருமுறை, மாடு ஓடி முடித்த நேரக் கணக்கில் ஒரு நொடிக்காகத் தகராறு வந்தது. நாலு பேர் என் மாமன் மகனைச் சூழ்ந்துகொண்டு, "ஆண்பிள்ளையாக இருந்தால் போய்க் கேள்" என்றார்கள். அவன் பிடித்திருந்த கயிறு நடுங்கியது. மாமா சட்டையைப் பிடித்து இழுத்து வந்திராவிட்டால் அவனும் இன்று ஒரு வழக்கு எண்தான். கத்திய நாலு பேரும் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"கொலைகாரனுக்கு வக்காலத்து" என்கிறீர்கள். இறந்தவன் எனக்கும் பிள்ளை மாதிரி; சுடுகாடு வரை நடந்தவன் நான். அந்தத் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். இன்னொரு தாய் தொரப்பாடிச் சிறைக்கு மனு போட்டு மகனைப் பார்க்கப் போய் வருகிறாள். இரண்டு வீட்டையும் அழித்தவர்கள் பேனரில் கைகூப்பி நிற்கிறார்கள். அதைக் கேட்டால் நான் சாதி பார்க்கிறேனாம்! யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன்.

அன்று எடுத்த வீடியோ சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அழிக்காதீர்கள், எனக்கு அனுப்புங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் கொடுக்கப்போகும் மனுவோடு அதையும் சேர்க்க வேண்டும்.