16 அவுன்ஸ் கிளவுஸ் எதிரே நிற்பவருக்காக

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை என்று எங்கள் பக்கத்தில் இப்போது நிறையப் பிள்ளைகள் கிக்பாக்சிங் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. பிள்ளையைச் சேர்த்த கையோடு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிளவுஸ் வாங்கணும்?" இன்பாக்ஸிலும் அதே கேள்விதான். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று பழகும் பயிற்சிச் சண்டை, செய்ய 16 அவுன்ஸ் வாங்குங்கள். 60 கிலோவுக்குக் கீழே, மெலிந்த உடம்பென்றால் 14 போதும். நல்ல கனத்த ஆள் 18 போடலாம். இது முதலில் எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்தையும் தலையையும் மனதில் வைத்து வாங்குகிற பொருள். நாம் பணம் கொடுத்து வாங்கி, பலன் அடுத்தவனுக்குப் போவதா என்று சில அப்பாக்களுக்குத் தோன்றுகிறது. ஆமாம், அப்படித்தான். அந்த அடுத்தவன் வீட்டிலும் இதே மாதிரி யோசித்து வாங்கினால்தான் உங்கள் பிள்ளை பத்திரமாக வீடு திரும்பும்.

அவுன்ஸ் என்பது ஒரு கிளவுஸின் எடை. ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். 10 அவுன்ஸ் கிளவுஸ் ஏறக்குறைய 280 கிராம், 16 அவுன்ஸ் 450 கிராம். கூடுதல் எடையில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் ஃபோமுக்குப் போகிறது. கையும் கொஞ்சம் மெதுவாகும், அடி விழும் பரப்பும் அகலும். வீடியோவில் ரிங்கில் சண்டை போடுபவர்கள் 8, 10 அவுன்ஸ் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் அதையே கேட்கிறார்கள். அது போட்டிக்கான கிளவுஸ். ரெஃப்ரி, டாக்டர், எடை பார்த்துப் பிரித்த ஆட்டக்காரர் எல்லாம் இருக்கும் இடத்தில், ஜெயிக்க வேண்டும் என்று இறங்குபவர்களுக்கானது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்பில் நண்பனோடு பழகுவதற்கு அது வேண்டாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பஞ்சிங் பேக் அடிக்கிற கிளவுஸைப் போட்டுக்கொண்டு ஸ்பாரிங் செய்யக் கூடாது. 16 அவுன்ஸ் என்று மேலே எழுதியிருந்தாலும் கூடாது. மாதக்கணக்கில் பேக் அடித்த கிளவுஸில் விரல் முட்டி வரும் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புதிதில் விரல் மெல்ல உள்ளே போய், எடுத்ததும் ஃபோம் எழும்பி வரும். பழசில் இரண்டு விதம். ஒன்று, அழுத்தினால் உள்ளே இருக்கும் கையின் முட்டி எலும்பு அப்படியே தட்டுப்படும். இன்னொன்று, ஃபோம் இறுகிப் பலகை மாதிரி ஆகி, விரலே உள்ளே போகாது. இரண்டுமே அடுத்தவர் மூக்குக்கு ஆபத்து. எங்கள் வகுப்பில் ஸ்பாரிங் தொடங்கும் முன் எல்லாருடைய கிளவுஸையும் நான் இப்படி அழுத்திப் பார்ப்பேன். ஒரு பையன், "அண்ணே, போன வருஷம்தான் வாங்குனது, நல்லாத்தான் இருக்கு" என்றான். "இருக்கட்டும் மக்கா, அதை நீ மாட்டிக்கிட்டு உன் கன்னத்துல நீயே லேசா ரெண்டு தட்டு தட்டு" என்றேன். இரண்டாவது தட்டிலேயே கழற்றி வைத்துவிட்டான்.

மணிக்கட்டில் இருக்கும் வெல்க்ரோவையும் பாருங்கள். ஓரம் பிய்ந்து நிமிர்ந்து நின்றால் எதிராளியின் கண்ணோரத்தைக் கீறும். மேலே ஒரு சுற்று டேப் ஒட்டினால் சரியாகிவிடும். பெருவிரல் பகுதி கிளவுஸோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தனியாக நிற்கும் பெருவிரல் கண்ணில் குத்தும், பிசகவும் செய்யும். தாய் பாக்சிங் வகை கிளவுஸில் புறங்கையிலும் ஃபோம் கூடுதலாக இருக்கும். உதையைக் கையால் தடுக்க வேண்டியிருப்பதால் கிக்பாக்சிங்குக்கு அது நல்லது. ஆனால் சாதாரண பாக்சிங் கிளவுஸ் கையில் இருந்தால் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. விரல் வெளியே தெரியும் எம்.எம்.ஏ. கிளவுஸை மட்டும் இந்த ஸ்பாரிங்குக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

சரி, நல்ல கிளவுஸ் வாங்கியாயிற்று, இனி ஓங்கி அடிக்கலாமா? இங்கேதான் எனக்குக் கவலை. 1867-இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் பாக்சிங்கில் கிளவுஸைக் கட்டாயமாக்கின. வெறுங்கையால் மண்டையில் அடித்தால் அடித்தவன் கை உடையும். கிளவுஸ் வந்த பிறகு தலையில் திரும்பத் திரும்ப அடிக்க முடிந்தது. தலையில் மாட்டும் ஹெட்கார்டும் அதே கதைதான். வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், மூளை அதிர்வதை நிறுத்தாது. 2013-இல் அமெச்சூர் பாக்சிங்கில் மூத்த ஆண்கள் பிரிவுக்கு ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். உரிக்காத தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், வெளியே நார் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் ஆடுவது கேட்கும். மண்டைக்குள்ளும் அதுதான் நடக்கிறது. ஆரம்ப நிலையில் ஹெட்கார்டு போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் போட்டதால் பலமாக அடிக்கலாம் என்ற எண்ணம்தான் வேண்டாம்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு நம் பழைய தற்காப்புக் கலையான அடிமுறையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆசானிடம் போனால் முதலில் சுவடுதான், அதாவது காலடி வைக்கும் முறை. நாள் கணக்கில் சுவடு வைத்து, கால் பழகி, உடம்பு வளைந்த பிறகுதான் எதிரே ஆளை நிறுத்துவார். அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அடிபட்டவனுக்கு வைத்தியமும் பார்த்ததால், எந்த அடி எங்கே விழுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொறுமை இருந்த மண்ணில், சேர்ந்த இரண்டாம் வாரமே பிள்ளைகளை மோதவிடுகிற வகுப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்பாரிங்கைப் படிப்படியாகக் கொண்டுபோகலாம். முதலில் தோள்பட்டையைத் தொடும் விளையாட்டு. அப்புறம் ஒருவர் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) மட்டும் விட, மற்றவர் தடுக்கவும் விலகவும் மட்டும் செய்வது. பிறகு வயிறு, தொடை மட்டும், தலைக்கு அடி கிடையாது. இதெல்லாம் கைவந்த பிறகே முகத்துக்கு, அதுவும் தொட்டு எடுக்கிற வேகத்தில். 14 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குத் தலைக்கு அடியே வேண்டாம் என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"முப்பது சதவீதம் பலத்தில் அடிங்க" என்று மாஸ்டர் சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போனால் அது நடக்காது. ஒருவனுடைய முப்பது இன்னொருவனுக்கு ஐம்பது. கொஞ்சம் பலமாகப் பட்டதும் அவன் இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பித் தருவான். ஒரு நிமிடத்தில் இருவரும் சண்டையில் இருப்பார்கள், இருவருமே தான் தொடங்கவில்லை என்று மனதார நம்புவார்கள். அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும், சூடு ஏறும்போதே நிறுத்த வேண்டும். அடிக்கடி போட்டிக்கு இறங்கும் தாய்லாந்து ஆட்டக்காரர்கள் பயிற்சியில் சிரித்துப் பேசிக்கொண்டு மெதுவாகத்தான் ஸ்பாரிங் செய்கிறார்கள். அடுத்த போட்டிக்கு உடம்பு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு இடத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். புதிதாக வந்த, ஐம்பது கிலோகூட இருக்காத ஒரு பையனை, அவனைவிட ஒரு தலை உயரமான, போட்டிக்குத் தயாராகும் ஆளோடு நிறுத்தினார்கள். "பயம் போகணும்ல" என்று காரணம் சொன்னார்கள். ஒரு ரவுண்டுதான். பையன் கண்ணை மூடிக்கொண்டு கையை முகத்தில் பொத்தி நின்றான். அடி வரும்போது கண்ணை மூடும் பழக்கத்தைத்தான் அன்றைக்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அவன் அங்கே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். புதியவரைக் கட்டுப்பாடு உள்ள பழைய ஆளோடு விடுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய ஆள் எப்படிப்பட்டவர், எடை வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துத்தான் விட வேண்டும்.

தலையில் பட்டு ஒரு நொடி கண் இருண்டது, தலைவலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்கிறான் என்றால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி இறக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு லேசான நடை, பிறகு தனியாகப் பயிற்சி. டாக்டர் சொன்ன பிறகே மீண்டும் ஸ்பாரிங். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை காலில் பலம் குறைதல் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆசாரிப்பள்ளமோ திருவனந்தபுரமோ, எது பக்கமோ அந்த மெடிக்கல் காலேஜுக்கு உடனே ஓடுங்கள். சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் வர்ம வைத்தியரிடம் போவது நம் வழக்கம், போங்கள். தலை அடிக்குத் தடவலில் நேரம் கடத்த வேண்டாம்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேண்ட் ராப் (கையில் சுற்றும் துணிப்பட்டை) கட்டாமல் கிளவுஸ் மாட்டக் கூடாது. பெரியவர்களுக்கு நாலரை மீட்டர் நீளம் வேண்டும், மணிக்கட்டிலும் முட்டியிலும் நன்றாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்புதான் முதலில் விரிசல் விடும். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சு எடுக்கிற மவுத்கார்டு, முன்காலுக்கு ஷின் கார்டு, ஆண்களுக்கு உறுப்பைக் காக்கும் கப். காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் ராப்பும் மவுத்கார்டும் வாங்குங்கள். கிளவுஸ் வரும்வரை பேடும் (எதிரே ஒருவர் பிடிக்கும் மெத்தையில் அடிப்பது) காலடியும் பழகலாம், ஸ்பாரிங் காத்திருக்கட்டும்.

நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். ஈரக் கிளவுஸைப் பையிலேயே விட்டால் நாற்றமும் பூஞ்சையும் நிச்சயம், படர்தாமரை வகுப்பு முழுக்கப் பரவும். வீட்டுக்குப் போனதும் பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் தோல் வெடித்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் வகுப்புக்கு வருகிறார்கள். நல்ல கிளவுஸ் வாங்குவது அவர்களுக்குப் பெரிய செலவு. ஆசையாக வாங்கி, நான்கு நாள் போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் வீட்டில் 14, 16 அவுன்ஸ் கிளவுஸ் சும்மா கிடந்தால் பக்கத்தில் இருக்கும் வகுப்பில் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஃபோம் போயிருந்தால் பேக் அடிக்க மட்டும் என்று மேலே மார்க்கரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.