அது செரண்டிப் ஆந்தை இல்லை

திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் பகலில் எடுத்த ஓர் ஆந்தைப் படத்தைப் போட்டு, 'இலங்கையில் மட்டுமே உள்ள செரண்டிப் ஆந்தை திருகோணமலையிலும் இருக்கிறது, அதுவும் பகலில்!' என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. படம் அருமை. பெயர்தான் பிழை.

செரண்டிப் ஆந்தை தென்மேற்கு ஈரவலய மழைக்காட்டுப் பறவை. பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துள்கலவில் அதன் குரலைத்தான் கேட்டார். பறவையைக் கண்டது 2001இல், சிங்கராஜா மழைக்காட்டில். புதிய இனமாக விவரிக்கப்பட்டது 2004இல். உடம்பு செம்பழுப்பு, அதில் சிறு கரும்புள்ளிகள். நம் வறண்ட காட்டில் அதற்கு என்ன வேலை?

உங்கள் படத்தில் தலையிலும் மார்பிலும் நெருக்கமான குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அது 'ஜங்கிள் அவுலட்' என்கிற சின்ன ஆந்தை. இந்தியாவிலும் உண்டு. பகலிலும் குரல் கொடுக்கும், பறந்து திரியும், ஆகவே பகலில் கண்டதை வைத்து அரிய பறவை என்று சொல்ல முடியாது. (ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்று உங்கள் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருப்பதும் சரியில்லை.)

இலங்கைக்கே உரிய மற்ற ஆந்தையும், செம்பழுப்பு முதுகுள்ள அவுலட், ஈரவலயத்துக்காரன்தான். நம் பக்கம் பார்க்க வேண்டியது மீனும் நண்டும் பிடிக்கிற பெரிய மீன் ஆந்தையை. பொழுதுபடும் நேரம் குளக்கரை மரங்களைக் கவனியுங்கள்.